ஃபோன் ஏற்க மறுத்த அட்டைக்காக ஈஜிபுரா வரை

மூன்று வாரங்களாக, பெங்களூரு ஈஜிபுராவில் ஒரு குழந்தைகள் காப்பகத்திலிருந்து ஒரே புகார்: அட்டையை ஏற்கவில்லை. அம்மாக்கள் தங்கள் அட்டையைக் காப்பகத்தின் ஃபோனில் தொட்டுக் காட்ட வேண்டும். அட்டையின் எண் பதிவோடு பொருந்தினால்தான் குழந்தையைத் தருவார்கள். அந்தச் செயலியை ஆண்ட்ராய்டுக்கும் ஐஃபோனுக்கும் சேர்த்து எழுதியவள் நான். இரண்டு முறை, "அட்டையைத் துடைத்துவிட்டு முயலவும்" என்று பதில் எழுதிப் புகாரை மூடினேன். மூன்றாம் முறை வந்தபோது, போன செவ்வாய்க்கிழமை, நேரில் கிளம்பினேன். செயலி எழுதும் யாராவது இப்படிக் கிளம்ப நினைத்தால் இந்தக் குறிப்பு உதவலாம்.

எலெக்ட்ரானிக் சிட்டியில் 3.20க்குப் பேருந்து. கர்நாடக முகவரியுள்ள ஆதார் இருந்தால் பெண்களுக்குக் கட்டணமில்லை, ஏ.சி. பேருந்தில் இது செல்லாது. சில்க் போர்டு சேர 4.05. அங்கிருந்து ஐந்து கிலோமீட்டருக்கு ஆட்டோ, 130 ரூபாய்.

"ஐ.டி.காரங்களுக்கு ஈஜிபுரால இன்னாம்மா வேலை?" என்றார் ஓட்டுநர்.

"ஒரு அட்டை வேலை செய்யலண்ணா."

"ரீசார்ஜ் பண்ணிப் பாக்கச் சொல்லும்மா," என்று சிரித்தார். என் பதில்களும் ஏறக்குறைய அந்தத் தரத்தில்தான் இருந்தன.

4.40க்குக் காப்பகம். பொறுப்பாளர் மேரி டீச்சர் இரண்டு ஃபோன்களைக் காட்டினார். பழையது ஆண்ட்ராய்டு; ஐந்து மணிக்கு வேனில் போகும் குழந்தைகளுடன் அதுவும் போய்விடும். அதன் பிறகு பயன்படுவது, மூன்று வாரம் முன்பு யாரோ கொடுத்த ஐஃபோன். ஐந்துக்குமேல் வருபவர் கஸ்தூரி ஒருவர்தான்; அலுவலகம் ஒன்றில் துப்புரவு வேலை.

5.15க்கு அவர் வந்து அட்டையைத் தொட்டார். "பதிவில் இல்லை" என்றது திரை. கம்பிக் கதவுக்குப் பின்னால் இரண்டு வயது மகன் கையை நீட்டிக்கொண்டு நின்றான். பொருந்தாவிட்டால் காப்பகத்தின் தலைமை அலுவலகம் அனுமதி தரும்வரை குழந்தையைத் தரக் கூடாது. அந்த விதியையும் செயலிக்குள் நான்தான் எழுதியிருந்தேன்.

"டெய்லி முக்கா மணி நேரம் டீச்சர். நான் பெத்த புள்ளைய வாங்க, நான் யார்னு எவனோ சொல்லணுமா?"

"எனக்குத் தெரியாதா கஸ்தூரி? ஃபோனுக்குத் தெரியலையே."

மடிக்கணினியை எடுத்தேன். இந்த வகை அட்டையின் எண்ணை ஆண்ட்ராய்டு வாலிலிருந்து திருப்பியும் ஐஃபோன் தலையிலிருந்து நேராகவும் தருகின்றன. ஒன்றில் பதிந்த அட்டை மற்றதற்கு அந்நியம். என் மேசையில் நான் எப்போதும் ஒரே ஃபோனில் பதிந்து, அதிலேயே படித்துப் பார்த்திருக்கிறேன். திருத்தம் இரண்டு வரி, பன்னிரண்டு நிமிடம்.

மறுபடி தொட்டார். திரை பச்சையானது. இனி இப்படி ஆகாது என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"துடைன்னீங்கன்னு டெய்லி துடைச்சேன் மேடம்," என்று அட்டையைக் காட்டினார். அவருடைய படம் பாதி அழிந்திருந்தது. "நாளைக்கு மறுபடி நிக்கவுட்டா? இவன் கதவப் புடிச்சினு அழுவுறத என்னால பாக்க முடியல. கேஜிஎஃப்ல அக்கா வூட்டுல வுடறேன்னு சொல்லிட்டேன். டீச்சர், இவன் துணியெல்லாம் குடுத்துடுங்க."

டீச்சர் எடுத்து மடித்துக் கொடுத்தார். நான் மடிக்கணினியை மூடிப் பையில் வைத்தேன்.

போக நினைப்பவர்கள் மாலை ஐந்துக்குமேல் இருக்கும்படி போங்கள். சிக்கல் அப்போதுதான் கண்ணில் படும். அதற்கும் முன்னால், எந்த ஃபோனில் பதிந்தது, எந்த ஃபோனில் படிக்கவில்லை என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை. என் மேசையிலிருந்து ஈஜிபுரா பதினைந்து கிலோமீட்டர். முதல் புகார் வந்த அன்றே போயிருக்கலாம். கஸ்தூரிக்கு இனி மகனைப் பார்க்க, ஞாயிற்றுக்கிழமைதோறும் கோலார் தங்கவயல் வரை நூறு கிலோமீட்டர்.