எல்லையம்மனுக்கு ஒரு லெகார்ன் சேவல்

இங்கே முட்டை உறைந்து வெடிக்கும். கோழி இட்ட ஒரு மணி நேரத்துக்குள் எடுக்காவிட்டால் ஓடு நீளவாக்கில் பிளந்து, வெள்ளைக்கரு ஐஸாக வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும். அதனால் மானிடோபாவின் குளிர்காலத்தில், முதியோர் இல்லத்து வேலைக்குக் கிளம்புமுன், ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று பேண்ட், முட்டி வரை பூட்ஸ் எல்லாம் மாட்டிக்கொண்டு ஒரு கெட்டில் வெந்நீருடன் கொல்லைக்குப் போவேன். வெந்நீர் எனக்கில்லை, கல்லாகிப்போன கோழித் தண்ணீரை இளக்க. எங்கள் காஞ்சிபுரத்தில் கோழிக்காக ஒருத்தி வெந்நீர் வைக்கிறாள் என்றால் அன்றைக்குக் குழம்பு என்று அர்த்தம்.

இந்த வம்பு உனக்கு எதற்கு என்று கேட்பீர்கள். எல்லாம் என் அம்மாவால் வந்தது. நானும் என் கணவர் ரவியும் பி.ஆர். என்கிற நிரந்தரக் குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தபோது, பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெரு எல்லையம்மனிடம் போய் அம்மா வாக்குக் கொடுத்துவிட்டாள். பி.ஆர். கிடைத்தால் என் மகள் தன் கையால் ஒரு சேவல் வளர்த்து, தை வெள்ளியில் உன் பெயர் சொல்லி அவிழ்த்து விடுவாள் என்று. பி.ஆர். வந்தது. தம்பியிடம் சொல்லி ஒரு சேவலை வாங்கி விட்டுவிடு என்று அம்மாவிடம் சொன்னேன்.

"கடையில வாங்கி வுடறேன்னா நேர்ந்துக்கினேன்? உன் கையால வளத்ததுன்னு சொல்லிட்டேன். பூசாரியயும் கேட்டுட்டேன். எந்த ஊரா இருந்தாலும் அம்மன் பேர சொல்லி வுட்டா செல்லுமாம். பழுது மட்டும் இருக்கக் கூடாது. கொண்ட நல்லா நிக்கணும்."

"வுட்டதுக்கு அப்புறம்?"

"அப்புறம் அது அம்மனுது. விக்கவும் கூடாது, அறுக்கவும் கூடாது."

இதோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அம்மா பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இட்லிக் கடை வைத்திருக்கிறாள். இரண்டு கண்ணிலும் புரை. இட்லிக் குண்டானைத் தடவித் தடவித் திறந்து ஒரு கை முழுக்க வெந்துவிட்டது. உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேண்டுதலை முடிக்காமல் கண்ணில் கத்தி வைக்க விடமாட்டேன் என்று அம்மா உட்கார்ந்துவிட்டாள். ஆக, அவள் கண் என் சேவலின் கையில்.

சேவலைத் தனியாக வளர்க்க முடியாது, கூடவே முட்டைக் கோழியும் வாங்குவோம் என்றார் ரவி. லாரி ஓட்டுபவர், வாரத்தில் நாலு நாள் வீட்டில் இருக்கமாட்டார், யோசனை மட்டும் தாராளமாகக் கொடுப்பார். வசந்தத்தில் நாலு மைல் தள்ளிப் பண்ணை வைத்திருக்கும் மார்லீன் என்ற அம்மாளிடம் போனேன். அறுபது வயதிருக்கும், பேச்சு அளந்துதான் வரும். குளிர் தாங்கும் கோழிக்கு உடம்பு கனமாக, இறகு அடர்த்தியாக இருக்க வேண்டும், கொண்டை எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது என்றாள். வெளியே மேயவிடுவதாக இருந்தால் வெள்ளைக் கோழி வேண்டாம், பருந்து கண்ணில் முதலில் படும். சொன்னபடியே, வரி வரியாக இறகுள்ள ப்ளிமத் ராக் நாலும், கொண்டை தலையோடு ஒட்டிக்கிடக்கும் வயண்டாட் இரண்டுமாக ஆறு கோழிகளை எடுத்தேன். அதுவரைக்கும் நான் புத்திசாலிதான்.

சேவலுக்கும் ஒரு வயண்டாட்டையே தூக்கிக் காட்டினாள். எனக்கு ஏறெடுத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை. தலையில் யாரோ மிதித்தது போல ஒரு கொண்டை. எங்கள் ஊரில் சேவல் வாங்குபவர்கள் முதலில் பார்ப்பது கொண்டையைத்தான். அது ரம்பம் மாதிரி நிமிர்ந்து நிற்க வேண்டும், அப்புறம்தான் காலும் கண்ணும். அடுத்த கூண்டில் ஒரு பிரவுன் லெகார்ன் சேவல் நின்றிருந்தது. செம்பொன் கழுத்து, கருத்த வால், வளர்ந்துகொண்டிருந்தாலும் நிமிர்ந்த சிவப்புக் கொண்டை. பார்க்க அசல் நம் ஊர் நாட்டுச் சேவல். அதுதான் வேண்டும் என்றேன். இந்த ஊர்க் குளிருக்கு அது சரிப்படாது என்று இரண்டு முறை சொன்னாள். சாப்பிடத்தானே என்றும் கேட்டாள்.

"இல்லை, சாமிக்கு."

அவள் முகம் மலர்ந்தது. அவர்கள் சர்ச்சிலும் இலையுதிர் காலத்தில் எல்லாரும் சேர்ந்து கோழி விருந்து வைப்பார்களாம், அதற்குள் இது நன்றாகச் சதை பிடித்துவிடும் என்றாள். இல்லையம்மா, கொல்லாமல் சும்மா விட்டுவிடுவோம் என்றேன். விட்டால் கயோட்டி, அதாவது இந்த ஊர் நரி, தின்றுவிடுமே என்று என்னை நிஜமான கவலையோடு பார்த்தாள். அதற்கு மேல் விளக்க என் ஆங்கிலத்துக்குத் தெம்பில்லை.

கோடையில் கோழிகள் மேய்ந்த மேய்ச்சலைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. சின்ன வயதில் எங்கள் கோழிகளுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. பக்கத்துத் தெரு நெசவாளர்கள் விடிந்ததும் தெரு நீளத்துக்குப் பட்டு நூலை இழுத்துக் கட்டிப் பாவு போடுவார்கள். ஒரு கோழி அதில் கால் வைத்தால் நாலு வீட்டுச் சண்டை. 'சேரிக் கோழி' என்று ஆரம்பித்து எங்கள் சாதியில் வந்து முடியும். அவர்கள் பாவைச் சுருட்டும் வரை அம்மா கோழிகளைக் கூடை போட்டுக் கவிழ்த்திருப்பாள். அதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல்தான் வருகிறது. இங்கே அரை ஏக்கர் கொல்லையில் கேட்பார் யாருமில்லை. ஆனால் முதல் பனி விழுந்த அன்று கதவைத் திறந்தால் ஏழும் வாசலில் நின்று வெளுத்த தரையைப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பிவிட்டன. அப்புறம் நாலு மாதம் ஒன்றும் வெளியே வரவில்லை.

குளிருக்குப் பயந்து நான் கூண்டின் ஒவ்வொரு இடுக்கையும் பழைய புடவையால் அடைத்து, மேலே பிளாஸ்டிக்கும் அடித்துவிட்டேன். உறையாமலிருக்கச் சேவலின் கொண்டையில் தேங்காயெண்ணெய் தடவப் போனேன், அது பாட்டிலிலேயே கல்லாக இருந்தது. தை வெள்ளிக்கு இரண்டு நாள் முன்பு குளிர் மைனஸ் முப்பத்தெட்டு. காலையில் சேவலின் கொண்டை நுனிகள் வெளுத்திருந்தன. மறுநாள் கருத்தன. மார்லீன் வந்து பார்த்தாள். காற்றுப் போக வழியில்லாமல் உள்ளே ஈரம் தங்கிவிட்டது, அந்த ஈரம்தான் கொண்டையை உறைய வைத்தது என்றாள். முன்பே சொன்னேனே என்று அவள் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். அந்த ஆறு கோழிகளுக்கும் ஒரு குறையுமில்லை.

வெள்ளிக்கிழமை வீடியோ காலில் அம்மா வந்தாள். நான் அம்மன் பெயரைச் சொல்லிக் கதவைத் திறந்தேன். அம்மனின் சேவல் பனியைப் பார்த்துவிட்டு வைக்கோலுக்கே திரும்பியது.

"செவப்பா என்னமோ அசையுதுமா, வேற ஒண்ணும் தெரியல. கொண்ட நல்லா நிக்குதா?"

"நிக்குதும்மா."

மாசியில் ஆபரேஷன் முடிந்தது. கட்டுப் பிரித்த மறுநாளே போன். இப்போது சேவலைக் காட்டு என்றாள். வேறு வழியில்லாமல் காட்டினேன். கருகிய நுனிகள் அதற்குள் உதிர்ந்து, கொண்டை மொட்டையாக இருந்தது.

"எப்போ ஆச்சு?"

"நீ கேட்டதுக்கு ரெண்டு நாள் முன்னாடி."

"எனக்குக் கண்ணு தெரியாதுன்னுதான அப்படி சொன்ன."

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. உன் கண்ணுக்காகத்தானே பொய் சொன்னேன் என்று கத்த வேண்டும் போலிருந்தது.

இரண்டு நாள் கழித்துத் தம்பி ஒரு படம் அனுப்பினான். எங்கள் காஞ்சிபுரத்து வீட்டு வாசலில், காலில் கயிறோடு ஒரு நாட்டுச் சேவல் குஞ்சு. அம்மா தீர்ப்பும் சொல்லிவிட்டாள். "தீனி நான் போடறேன். நீ தெனம் போன்ல கூப்புடு. உன் கொரல் கேட்டு வளந்தா உன் கையால வளத்தா மாதிரிதான். வர்ற தைக்கு நேர்ல வந்து வுட்டுடு." தையில் முதியோர் இல்லத்தில் லீவு கேட்டால் தலைமை நர்ஸ் என்னைப் பார்க்கும் பார்வை அம்மாவுக்குத் தெரியாது. போகட்டும். அங்கே வளர்வது அம்மனுடையது. இங்கே இருப்பதை அம்மன் எடுத்துக்கொண்டாளா இல்லையா என்று பூசாரிக்கே தெரியவில்லை. அதனால் விற்கவும் பயம், அறுக்கவும் பயம். முட்டையிடாத ஒரு வாய்க்குத் தினம் தீனி போடுகிறேன்.

பனி கரைந்துவிட்டது. சாயங்காலம் ஏழரைக்குக் கோழிகளை அடைக்கப் போகும்போது வீடியோ கால் போடுகிறேன். காஞ்சிபுரத்தில் அப்போது காலை ஆறு மணி. "பா, பா, பா" என்று போனில் கூப்பிட்டால் அங்கே அந்தக் குஞ்சு கயிறு நீளும் வரை ஓடிவருகிறது. இங்கே தூங்க ஏறிய ஆறு கோழிகளும் தீனி என்று நினைத்துக் கீழே குதிக்கின்றன. நேற்று அந்தக் குஞ்சு முதல் முறையாக, உடைந்த குரலில் கூவியது. அடுத்த கணம் என் தலைக்கு மேலே லெகார்ன் மொட்டைக் கொண்டையைத் தூக்கிப் பதில் கூவியது. அது நிறுத்தியதும் அங்கே மறுபடி.

"எந்தச் சேவல்மா கூவுது? அங்கயா, இங்கயா?" என்று அம்மா கேட்டாள்.

அவள் 'இங்க' என்பது எனக்கு அங்கே. இருட்டிக்கொண்டிருந்த கூண்டில், விடிந்துகொண்டிருந்த எங்கள் வாசலைக் கையில் பிடித்தபடி நின்றேன்.