கல் பொறுக்கிய தோட்டக்காரர்

சுவிஸில் எங்கள் வீட்டுக்காரி ஃப்ராவ் கெல்லர் காலையில் எழுந்ததும் நலம் விசாரிப்பது வாசலில் இருக்கும் கல்தொட்டியை. தொட்டி நிறையப் பொடிக்கல், நடுவில் கவிழ்த்த சிரட்டை அளவில் ஒரு பச்சைத் திண்டு. மலையுச்சியில் பாறை இடுக்கில் வளரும் செடியாம். வீட்டுக்காரியின் காலமான கணவர் நட்டுப் பதினைந்து வருடமாம். "பதினைஞ்சு வருசத்திலை இவ்வளவோ?" என்று என் கணவர் வாயைப் பிளந்தார். யாழ்ப்பாணத்தில், எங்கள் அச்சுவேலியில் அவர் நட்ட மிளகாய் சில மாதங்களிலேயே இடுப்பளவு நிற்கும்.

தொண்ணூற்றொன்றில் அவர் ஒரு ஹோட்டலில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். அவருக்கு என்ன தெரியும் என்று இந்த நாட்டில் ஒருவரும் கேட்டதில்லை. ஃப்ராவ் கெல்லர்தான் கேட்டார். "நீங்கள் விவசாயி அல்லவா, நான் தங்கை வீட்டுக்குப் போய்வரும் வரை செடியைப் பாருங்கள். தண்ணீர் மிகக் கொஞ்சம்." இவர் "யா, யா" என்று தலையாட்டினார். வீட்டுக்காரி போனதும் என்னிடம், "பாவம் மனிசி, தண்ணிக்கும் கஞ்சம்" என்றார்.

முதல் வேலையாகக் கல் பொறுக்கினார். எங்கள் ஊர்ப்பக்கம், வலிகாமத்தில் தோட்டம் தொடங்குவதே அப்படித்தான். கல்லைக் கிளறி வேலியோரம் குவித்து, செம்மண்ணும் எருவும் போட்டுத்தான் மாமா, அதாவது இவருடைய தகப்பன், வெங்காயம் நட்டார். அந்த நாட்களில் போர்க்காலத் தடையால் ஊரில் மண்ணெண்ணெய் கிடைப்பதில்லை. மாமா அதையும் போத்தலில் தேடிப்பிடித்து இறைப்பு மெசினை ஓட்டிக்கொண்டிருந்தார். மகன் சும்மா இருப்பாரா? கல் வாளிக்குள் போனது, கோழி எரு தொட்டிக்குள் வந்தது, காலையும் மாலையும் செடியின் தலையில் தண்ணீர்.

"இஞ்சருங்கோ, அந்த மனிசி கல்லுப் போட்டதுக்கு ஏதும் காரணம் இருக்கும்."

"நீர் மேளத்துக்குப் பேர்போன அளவெட்டி. உமக்கு மேளம் விளங்கும், தோட்டம் விளங்குமோ?"

செடி நெகிழ்ந்து இலை நீண்டது. "பாத்தீரே!" என்று எனக்குக் காட்டினார். அடுத்த கிழமை நடு மண்டை பழுப்பாகி அழுகியது. முதலில் நானும் அந்த மேளப் பேச்சைத் திருப்பிச் சொல்லிக் கேலி செய்தேன். அவர் சோற்றைத் தள்ளி வைத்தபோது அதை விட்டுவிட்டேன். தட்டுக் கழுவுகிறவர் என்பதை அவர் தாங்கியிருந்தார், தோட்டக்காரர் இல்லை என்பதைத் தாங்க முடியவில்லை.

திரும்பி வந்த ஃப்ராவ் கெல்லரின் கண் கலங்கியது. ஆனால் ஏசவில்லை. அழுகலை வழித்தெறிந்து, ஓரத்தில் பிழைத்த முனைகளைக் கிள்ளி ஒரு சிறு சட்டியில் மணலுக்குள் ஊன்றினார். செடியின் கழுத்தைச் சுற்றிக் கல்லைப் பரப்பினார். "கல் இருந்தால்தான் கழுத்து காயும். நிறையக் கொடுத்தால் இது செத்துவிடும்," என்று சட்டியை இவர் கையில் வைத்தார். "இது உங்களுக்கு. தயவுசெய்து ஒன்றும் செய்யாதீர்கள்."

ஒன்றும் செய்யாமல் இருப்பது எங்கள் ஆளுக்கு எவ்வளவு கடினம் என்று எனக்குத்தான் தெரியும். பனி கரைந்தபோது ஒரு முனை வேர்விட்டுத் துளிர்த்திருந்தது.

"இனி எங்கடை செடிதானே?" என்றேன்.

"தண்ணி கேக்காத பயிரை என்னெண்டு எங்கடை எண்டு சொல்லுறது?"

மறுநாள் நல்ல மழை. ஆளைக் காணவில்லை என்று வாசலுக்குப் போனேன். ஒரு மழைக்காக மாதக்கணக்கில் வானத்தைப் பார்த்த ஊரில் பிறந்த மனிதர், அந்தச் சட்டிக்குக் குடை பிடித்தபடி, தான் தெப்பமாக நனைந்துகொண்டு நின்றார்.