அரை நூல் பெரிய குண்டு

சென்ற வாரம் வரை என் மேசை இழுப்பறையில் கைப்பிடி வைத்த ஒரு மரக்கிண்ணம் இருந்தது. அதோடு கயிற்றில் கட்டிய ஒரு மரக்குண்டு. குண்டை மேலே வீசிக் கிண்ணத்தில் ஏந்த வேண்டும், ஆட்டம் அவ்வளவுதான். கிண்ணத்தின் அடியில் பென்சிலால் ஐந்து தேதிகள் எழுதியிருக்கிறேன். முதல் தேதி கோழி கிளறியது போலிருக்கும். கடைசித் தேதி அச்சடித்தது போல. இரண்டுக்கும் நடுவில் இருப்பவர் என் தங்கையின் கணவர்.

அப்போது நான் நீலகிரியில் பைக்காராப் பக்கம் ஓர் அலுவலகத்தில் வரைபடம் வரைபவனாக இருந்தேன். ஜூன் முதல் வாரம், பாசி பிடித்த படியில் வழுக்கி வலது மணிக்கட்டு முறிந்தது. ஜூலை நடுவில் மாவுக்கட்டைப் பிரித்தபோது விரல்கள் மடங்கவில்லை. நவம்பர் முதல் தேதி ஒரு படம் வரைந்து காட்ட வேண்டும், இல்லையென்றால் சாமான் கிடங்கு வேலைதான் என்றார் அதிகாரி. கோடு போடுவதைத் தவிர வேறொன்றும் தெரியாத எனக்கு அது வேலை போனதற்குச் சமம்.

எமரால்டு என்ற ஊரில் தேயிலை ஃபேக்டரி ஆசாரியாக இருந்த மாப்பிள்ளை என்னைப் பார்க்க வந்தார். "கையைச் சும்மா வெச்சா துருப்பிடிச்சுருமுங்க மச்சான். எதாச்சும் வெளையாடுங்க," என்றார். சிறுவயதில் ஆடிய இந்த விளையாட்டு நினைவுக்கு வந்தது. இடக்கையால் கோணல்மாணலாக வரைந்து, அளவை மட்டும் துல்லியமாகக் குறித்துக் கொடுத்தேன்: கிண்ணத்துக்கும் குண்டுக்கும் அரை நூல் இடைவெளி, அதாவது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு. அவர் சில்வர் ஓக்கில் கிண்ணமும், பிடுங்கிப் போட்ட தேயிலைச் செடியின் வேரில் குண்டும் கடைந்தார். மடங்காத என் விரல்களுக்காகக் கைப்பிடியில் சைக்கிள் டியூபைச் சுற்றித் தடிமனாக்கியிருந்தார். என் அளவு இம்மி பிசகவில்லை. ஆனால் மூன்று நாள் மழையில் மரம் ஊறிப் பருத்து, குண்டு கிண்ணத்தின் வாயிலேயே நின்றுவிட்டது.

"ஏனுங்க மச்சான், உங்க பேப்பர்ல மழையே பேயாதுங்களா?" என்று வயிறு குலுங்கச் சிரித்தார். கடைசல் மிஷினில் வைத்தால் ஒரு நிமிட வேலை. அவரோ உப்புத்தாளை நீட்டினார். "நீங்களே தேய்ங்க. வலது கையில."

தேய்க்க ஒன்பது நாள் ஆயிற்று. பத்து முறை வீசிப் பத்தும் ஏந்தியதும் அதே கையால் கிண்ணத்தின் அடியில் தேதி எழுதினேன். பிறகு டியூபை ஒரு சுற்றுக் குறைத்து, வேறொரு குண்டு கொண்டுவந்தார். அதுவும் பெரிது. அடுத்ததும் பெரிது. "உங்களுக்கு அளவே வராதா மாப்பிள்ளை?" என்று கடிந்தேன். "டீப்பெட்டி அடிக்கிறவனுக்கு வேற என்னங்க வரும்?" என்றார். வைதுகொண்டே ஐந்து குண்டுகளைத் தேய்த்தேன். நவம்பர் முதல் தேதி அதிகாரி என் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, அடுத்த வேலையைக் கொடுத்தார்.

பல வருடங்கள் கழித்துத்தான் தங்கை சொன்னாள்: "மொதக் குண்டு மட்டுந்தானுங்ண்ணா மழையில போச்சு. மத்ததெல்லாம் அவரு வேணும்னே பெருசாக் கடைஞ்சது." இருபத்தேழு வருடம் நான் போட்ட ஒவ்வொரு கோட்டிலும் அவருடைய அந்தப் பொய்க் கணக்கு இருந்திருக்கிறது.

இந்த ஜனவரியில் மாப்பிள்ளைக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை, வலது கைதான் சொன்னபடி கேட்கவில்லை. சென்ற ஞாயிற்றுக்கிழமை அந்தக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எமரால்டு போனேன். அதன் கைப்பிடியில் மறுபடி டியூப் சுற்றியிருந்தேன். கயிற்றில் புதுக் குண்டு. தேயிலை வேரை இரண்டு மாதம் அரத்தால் ராவி நானே செய்தது.

அவர் அதை இடக்கையால் கிண்ணத்தில் வைத்துப் பார்த்தார். உட்காரவில்லை. என்னை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார்.

"அரை நூல் பெருசுங்க மச்சான்."

"மழைங்க மாப்பிள்ளை," என்றேன்.

வெளியே நல்ல வெயில். அவர் சிரித்துக்கொண்டே, நான் எடுத்த உப்புத்தாளுக்கு இடக்கையை நீட்டினார். நான் அதை அவர் வலது கையில் வைத்தேன்.