தம்பிக்கு முதலில் உடைந்த குரல்

என் தம்பிக்கு மீசை அரும்பிய வருடம், அவன் முகத்தைப் பார்த்துப் பேசுவதையே நான் நிறுத்திவிட்டேன். கர்த்தர் எனக்குச் செய்ததைச் சொல்ல வேண்டுமானால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

எங்கள் ஊர் திண்டிவனம் பக்கம். அப்போது நான் பிளஸ் ஒன், தம்பி ஜோசுவா ஒன்பதாவது. அவனுக்குத் தோள் அகன்றது, குரல் கரகரத்தது. எனக்கு அந்த மாற்றம் ஒன்றுமே இல்லை. ஆலயத்தில் கிறிஸ்துமஸ் பாடல் பயிற்சிக்கு அவனை ஆண்கள் வரிசையில் சேர்த்தார்கள். என்னை ஞாயிறு பள்ளிச் சிறுவர்களோடு நிறுத்தினார்கள். அவன் பாடும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது. அவனுக்குத் தொண்டை கட்டிக்கொள்ளக் கூடாதா என்று நினைப்பேன்.

ஒரு ஞாயிறு எல்லோரும் போனபின் முழங்கால்படியிட்டேன். அவனுக்குக் கொடுத்ததை எனக்கு ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டு அழுதேன். அழகான ஜெபம் இல்லை. வெறும் பொறாமை. அதை அப்படியே அவரிடம் கொட்டினேன்.

நான் வளரவில்லையே என்ற கவலையில் அந்த வாரமே அம்மா என்னை விழுப்புரத்தில் ஒரு டாக்டரிடம் அழைத்துப்போனார். ஜோசுவாவும் கூடவே பஸ் ஏறினான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டாக்டர் எதைக் கேட்டாலும் ஒன்றுமில்லை என்றேன். அவன்தான் வாய் திறந்தான்.

"அண்ணனுக்கு ரொம்ப நாளா வயித்தால போய்க்கினே இருக்குது டாக்டர். அம்மாகிட்ட சொல்லாது. எதைத் தின்னாலும் ருசியே இல்லன்னுது. கால்ல பட்ட காயம்கூட ஆறல."

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ரத்தப் பரிசோதனையில் ஜிங்க் சத்து மிகக் குறைவு. நாள்பட்ட வயிற்றுப்போக்கில் அது உடம்பில் தங்கவில்லை என்றார். வளரும் வயதில் ஆண் ஹார்மோன் சரியாகச் சுரக்க அந்தச் சத்து வேண்டுமாம்; எனக்கு ஹார்மோனும் வயதுக்குக் குறைவாகவே இருந்தது. குடலுக்கு வைத்தியம் செய்து ஜிங்க் மாத்திரையும் கொடுத்தார். எல்லாப் பிள்ளைகளுக்கும் இதே காரணம் இருக்காது, கேட்காமல் யாருக்கும் வாங்கிக் கொடுக்காதீர்கள் என்று அம்மாவிடம் கண்டிப்பாகச் சொன்னார்.

திரும்பும்போது ஜோசுவா மெல்லச் சொன்னான்: "நீ எங்கூட பேசறதே இல்ல. அதான் உனக்காக ஜெபம் பண்ணிக்கினு இருந்தேன்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண்ணீர் நிற்கவில்லை.

முதலில் ருசி திரும்பியது. அம்மாவின் கருவாட்டுக் குழம்புக்கு இரண்டாம் முறை தட்டை நீட்டினேன். பல மாதம் கழித்து, சபையில் வேதாகமத்திலிருந்து சங்கீதம் வாசிக்கும்போது என் குரல் உடைந்தது. சிரித்தவர்களில் ஜோசுவாதான் அதிகம் சிரித்தான்.

இன்றும் அவன் என்னைவிட உயரம். சில நாள் அது உறுத்தத்தான் செய்கிறது. உடனே ஸ்தோத்திரம் சொல்லிவிடுகிறேன். பிரியமானவர்களே, யார்மேல் உங்களுக்கு எரிச்சல் இருந்தாலும் மறைக்காமல் கர்த்தரிடம் சொல்லுங்கள். நான் யாரைப் பார்த்து எரிந்தேனோ, அவன் வாயில்தான் என் பதிலை வைத்திருந்தார்.