அகாலத்தில் அடித்த மணி

என் அலமாரியில், மடித்து வைத்த புடவைகளுக்கு அடியில், பித்தளைக் கைமணி ஒன்று இருக்கிறது. பள்ளிக்கூட மணியைவிடச் சின்னது, பூசை மணியைவிடப் பெரியது. அதன் நாக்கில் நீலக்கட்டம் போட்ட ஆண்பிள்ளைக் கைக்குட்டை ஒன்று சுற்றியிருக்கிறது. பஸ்ஸில் போகும்போது பைக்குள் கிடந்து தன்னால் ஒலித்துவிடக் கூடாது என்று செயலாளர் அண்ணாச்சி சுற்றி வைத்தது அது. அவர் போட்ட முடிச்சு வள்ளக்காரர்கள் கயிற்றில் போடுகிற முடிச்சு. இப்போது இருப்பது நான் போட்டது, கோணல்மாணலாக இருக்கும். அது ஏன் மாறிற்று என்பதைச் சொல்ல வேண்டுமானால் நான் செய்த ஒரு காரியத்தையும் செய்யாமல் விட்ட ஒரு காரியத்தையும் சொல்லியாக வேண்டும். இரண்டாவதுதான் பெரிய பாவம்.

எழுபதுகளின் நடுவில் நான் தூத்துக்குடியில் ஒரு பள்ளியில் புதிதாகச் சேர்ந்த டீச்சர். சொந்த ஊர் நாசரேத் பக்கம். கடலைப் பார்த்தால் ஆகா என்று நிற்பேனே தவிர அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. அந்த நாட்களில் கரையோரம் முழுக்கப் புகைந்துகொண்டிருந்தது. விசைப்படகுகள் கரைக்கு அருகிலேயே வந்து இழுவை வலை போட, பாய் கட்டிப் போகிற வள்ளக்காரர்கள் விரித்து வைத்த வலைகள் அறுந்து போயின. பதிலுக்கு இவர்கள் கல்லெறிய, அவர்கள் கம்பெடுத்தார்கள். இத்தனைக்கும் இரண்டு பக்கமும் ஒரே கோயிலில் ஞானஸ்நானம் வாங்கிய சொந்தக்காரர்கள்தான். இதற்காகத்தான் தூத்துக்குடியில் கத்தோலிக்கப் பங்கு ஒன்றில் சமாதானக் கல்விக் குழு என்று ஒன்று தொடங்கினார்கள். புராட்டஸ்டண்டுகளான எங்கள் சபைக்காரர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் ஊர் ஊராகப் போய்ப் படங்களை மாட்டி, கூட்டம் போட்டு, கடல் சட்டத்தையும் பொறுமையையும் பற்றிப் பேசுவோம். படம் வரைவது என் வேலை. நான் வரைந்த முதல் விசைப்படகில், பின்னால் இழுத்துப் போக வேண்டிய வலை முன்பக்கம் கிடந்தது. ஒரு பெண் அதைப் பார்த்து, "ஏளா டீச்சர், இந்தப் போட்டு முன்னால போவுதா, பின்னால போவுதா?" என்று கேட்டாள். கரையே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்றைக்கே எனக்குக் கொஞ்சம் புத்தி வந்திருக்கலாம்.

குழுவின் செயலாளரான அண்ணாச்சி துறைமுகத்தில் குமாஸ்தா. அப்போது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். அவருடைய அப்பா முத்துக்குளித்தவர். தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளங்களைத் தாண்டி இருந்த ஒரு கடற்கரை ஊரில் அம்மா மட்டும் தனியாக இருந்தாள். புதுத் துறைமுகத்தில் மத்தியானச் சாப்பாட்டை எப்போதும் தெற்குப் பார்த்து உட்கார்ந்துதான் சாப்பிடுவார். "அங்கன வெள்ளையாத் தெரியுதுல்லா, அதான் எங்க கோயிலு" என்று எனக்கும் ஒருமுறை காட்டினார். எனக்கு உப்புக் குவியல்தான் தெரிந்தது. தெரிகிறது என்று சொல்லிவைத்தேன். பேச்சில் அவர் கெட்டிக்காரர் இல்லை. மேடையில் ஏறினால் வியர்த்துவிடும். ஆனால் ஒருவன் வீட்டு வாசலில் போய் அவன் பேசுகிற வரைக்கும் பேசாமல் உட்கார்ந்திருக்க அவரால் முடியும். அப்படி உட்கார்ந்து உட்கார்ந்து, பல மாதம் அலைந்து, விசைப்படகு டிரைவர்கள் மூன்று பேரைத் தன் ஊருக்கு வரச் சம்மதிக்க வைத்தார். கரையிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி வலை இழுப்பது என்ற ஒரே விஷயத்தைப் பற்றி இரண்டு பக்கமும் எதிரெதிரே உட்கார்ந்து பேசுவது என்று ஏற்பாடு. அந்தக் கடற்கரையில் அதுவரை நடக்காத காரியம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நாலைந்து பேர் முன்னாடியே போய்க் கோயில் முற்றத்தில் பெஞ்சுகளைப் போட்டுப் படங்களை மாட்டினோம். டிரைவர்களைக் கூட்டிவர அண்ணாச்சி பஸ் நிற்கும் இடத்துக்குப் போயிருந்தார். மணி மூன்றாகப் போகிறது, பெஞ்சுகளில் ஈ காக்கை இல்லை. ஆண்கள் கரையில் வலை சரிபண்ணிக்கொண்டும், வள்ளத்து நிழலில் தூங்கிக்கொண்டும் இருந்தார்கள். இத்தனை பாடுபட்டு மூன்று பேரைக் கூட்டி வருகிற மனுஷர் காலிப் பெஞ்சைப் பார்த்தால் என்ன ஆவார் என்று எனக்குப் பதைப்பாக இருந்தது. கோயிலுக்குப் பின்பக்கம் போனேன். மணிக்கூண்டிலிருந்து கயிறு தொங்கியது. மணியடிக்கிற கோயில்பிள்ளை ஏரலுக்குப் போயிருந்தார். எங்கள் ஊரில் கூட்டத்துக்கு நேரமானால் யாராவது போய் மணியை இழுப்பார்கள், சனம் வரும். அதைத்தான் நானும் செய்தேன். விட்டு விட்டுக்கூட அடிக்கவில்லை. எல்லோருக்கும் கேட்கட்டும் என்று மூச்சுப் பிடித்து விடாமல் இழுத்தேன்.

கோயில்பிள்ளையின் மனைவி அடுப்படியிலிருந்து மாவுக் கையோடு ஓடிவந்தாள். "நிறுத்துளா! பாவி, நிறுத்து! கடல்ல ஆளு போயிட்டுன்னுல்லா நெனப்பாங்க!" என்று என் கையிலிருந்து கயிற்றைப் பிடுங்கினாள். அந்தக் கரையில் செபத்துக்கு ஒரு மணி உண்டு, பூசைக்கு ஒன்று, சாவுக்கு ஒன்று. அகால நேரத்தில் விடாமல் அடிக்கிற மணிக்கு ஒரே அர்த்தம்தான், கடலில் ஆபத்து. நான் வரைந்த படங்களில் அது இல்லை.

அதற்குள் ஊர் கிளம்பிவிட்டது. பெண்கள் தலைமுடி அவிழக் கரைக்கு ஓடினார்கள். தங்கள் வீட்டு வள்ளம் இன்னும் திரும்பாதவர்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். ஆண்கள் கையில் கிடைத்த துடுப்போடு கோயிலை நோக்கி வந்தார்கள். சரியாக அந்த நேரத்தில் அண்ணாச்சி, அந்த மூன்று பேரோடு, சிரித்துப் பேசிக்கொண்டு தெருமுனையில் திரும்பினார். "வலைய அறுத்து ஆளையும் கொன்னுட்டு ஊருக்குள்ளயே வாரானுவளா!" என்று யாரோ ஒருவன் கத்தினான். அவ்வளவுதான். டிரைவர்களில் வயதானவருக்கு முழங்காலில் துடுப்பு விழுந்தது. அதன் பிறகு அந்தக் கால் நேராகவே இல்லை. குறுக்கே விழுந்த அண்ணாச்சியின் நெற்றி பிளந்து சட்டை நனைந்தது. யாரும் சாகவில்லை, எந்த வள்ளமும் கவிழவில்லை என்று தெரிவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. நான் வரைந்த சமாதானப் படங்களை மிதித்துக்கொண்டு ஆட்கள் ஓடினார்கள்.

போலீஸ் வந்தது. ஊர்க் கமிட்டி கூடியது. மணியை அடித்தது யார் என்று கேட்டார்கள். கோயில்பிள்ளையின் மனைவி ஒருத்தியைத் தவிர என்னை யாரும் பார்க்கவில்லை. காயத்துக்குக் கட்டுப் போடும்போது அண்ணாச்சியிடம் மட்டும் நான் சொல்லியிருந்தேன். நெற்றிக் கட்டோடு அண்ணாச்சி எழுந்து, "ஆளு கூட்டதுக்கு மணி அடிக்கச் சொன்னது நாந்தான்" என்றார். "கயித்தப் புடிச்சது யாருலே?" என்றதற்கு, "யாரு புடிச்சா என்ன, பொறுப்பு எனக்கு" என்றார். கமிட்டித் தலைவர் கேட்ட கேள்வி இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. "நாளைக்கு நெசமாவே வள்ளம் கவுந்து மணி அடிச்சா எவம்லே ஓடி வருவான்?" அதில் நியாயம் இருந்தது. அண்ணாச்சிக்கு ஊர்க்கட்டு விழுந்தது. இனி அந்த ஊருக்குள் அவர் கால் வைக்கக் கூடாது. பங்குச் சாமியார் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தார், நடக்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் நான் அழுதுகொண்டே வந்தேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "இப்ப ஒண்ணும் சொல்லாண்டாம் டீச்சர். வேலை நெரந்தரமாவல, போலீஸ் விவகாரம் வேற. ஆறட்டும். பொறவு சொல்லிக்கிடலாம்" என்றார். எனக்கு அந்தப் 'பொறவு' தேனாக இனித்தது. பிடித்துக்கொண்டேன்.

அடுத்த வாரமே கடைத்தெருவில் இந்தக் கைமணியை வாங்கிவந்தார். "இனிமே எந்த ஊர்லயும் நம்ம ஆளு கோயில் கயித்தத் தொடக்கூடாது" என்பது ஒன்றுதான் அவர் சொன்ன பேச்சு. அதன் பிறகு எங்களைச் சேர்த்துக்கொண்ட ஊர்களில் எல்லாம் கூட்டத்துக்கு முன்னால் அவரே தெருத்தெருவாகக் கைமணி அடித்துக்கொண்டு நடப்பார். பிள்ளைகள் காசை எடுத்துக்கொண்டு ஓடிவந்து, "ஐஸா அண்ணாச்சி?" என்று கேட்பார்கள். "இல்லலே, சமாதானம்" என்பார். பிள்ளைகள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பிப் போவார்கள். அவருக்குச் சிரிப்பு வரும். எனக்கு வராது.

ஒரு வருஷத்தில் என் வேலை நிரந்தரமானது. 'பொறவு' வந்துவிட்டது. ஆனால் கல்யாணம் பேசியிருந்தார்கள், அது முடியட்டும் என்று நினைத்தேன். அந்தச் சமயத்தில்தான் அவருடைய அம்மா இறந்தாள். ஊர்க்கட்டை ஒருநாளைக்குத் தளர்த்துங்கள் என்று சாமியார் கேட்டும் கமிட்டி அசையவில்லை. நாங்கள் மூன்று பேர் அவரோடு போனோம். ஊருக்கு வெளியே, பஸ் நிற்கும் இடத்தில், உப்பளத்து வரப்போரம் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். உச்சி வெயில். துக்க மணி விட்டு விட்டுக் கேட்டது. தூரத்தில் உயர்த்திப் பிடித்த சிலுவையும் அதன் பின்னால் கூட்டமும் கல்லறைத் தோட்டத்துப் பக்கம் போவது தெரிந்தது. "எங்க அம்மைக்கு வெயிலு ஆவாது" என்று மட்டும் சொன்னார். நான் நாலு எட்டு வைத்து ஊருக்குள் போய், அடித்தது நான்தான் என்று சொல்லியிருந்தால் அவர் தன் தாய்க்கு ஒரு பிடி மண் போட்டிருப்பார். நான் போகவில்லை. பஸ் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கல்நெஞ்சுக்காரி. அவர் கையில் இருந்த குடையை என் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பிறகு கல்யாணம், பிள்ளை, வீடு. குழு தேய்ந்து நின்றுபோனது. எழுபதுகள் முடிகிற சமயத்தில் ஒருநாள் துறைமுகத்தில் வேலையில் இருக்கும்போதே நெஞ்சு வலித்து அண்ணாச்சி போய்விட்டார். தூத்துக்குடியில்தான் அடக்கம். அவருடைய மனைவி இந்த மணியை என் கையில் கொடுத்து, "டீச்சருக்குன்னு சொல்லி வச்சிருந்தாவ" என்றார். அன்றைக்கு மணி அடித்தது நான் என்று அந்த அம்மாவுக்குத் தெரியுமா தெரியாதா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

ஏழாம் நாள் மத்தியானம் நான் அந்த ஊருக்குப் போனேன். கோயில்பிள்ளையின் மனைவி முற்றத்தில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "அன்னைக்கு மணி அடிச்சது நான்தான்னு ஊர்ல சொல்ல வந்திருக்கேன்" என்றேன்.

"எனக்குத் தெரியாதாளா? இந்தக் கையாலதான கயித்தப் புடுங்குனேன்."

"பிறகு ஏன் நீங்க யார்ட்டயும் சொல்லலை?"

அவள் கையில் இருந்த மீனைக் கீழே வைத்தாள். "அவன் எங்க சொல்ல விட்டான்? கமிட்டி கூடதுக்கு முந்தியே எங்கிட்ட வந்துட்டான். 'மதினி, நீங்க சொன்னா அது காட்டிக் குடுத்ததா ஆயிரும். நல்ல புள்ள, பயந்து கெடக்கு. பயம் தெளிஞ்சா தானா வந்து சொல்லும்'னான். வருசா வருசம் திருநாளைக்கு பஸ்ஸு நிக்க எடத்துல வந்து நிப்பான். ஊருக்குள்ள ஒரு எட்டு வைக்க மாட்டான். நாந்தான் பணியாரம் கொண்டுபோய்க் குடுப்பேன். வாங்கதுக்கு முந்தி அவன் கேக்கது ஒண்ணே ஒண்ணுதான். 'டீச்சர் வந்துச்சா, மதினி?'"

எத்தனையோ நாள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறோம். என்னிடம் ஒருமுறைகூட அவர் கேட்டதில்லை.

அவளே என்னைக் கமிட்டித் தலைவரிடம் கூட்டிப்போனாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை, திட்டியிருக்கலாம். "செத்தவனுக்கு எதுக்கும்மா இனி கட்டு" என்று எழுந்து போனார். அன்று சாயங்காலச் செபத்தில் அண்ணாச்சி பெயரைச் சொன்னார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இப்போது எனக்கு எழுபது தாண்டிவிட்டது. போன வருஷம் அந்தப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது காரை நிறுத்தச் சொல்லி அந்தப் பஸ் நிற்கும் இடத்தில் இறங்கினேன். சிமெண்டுக் கூரை போட்டிருக்கிறார்கள். கோயில் மணிக்குப் பதில் ஒலிபெருக்கி, கடல் எச்சரிக்கைக்குக் கைப்பேசி. அதற்கென்றே கொண்டுபோயிருந்த மணியைப் பையிலிருந்து எடுத்து, அண்ணாச்சி போட்ட முடிச்சை நகத்தால் நெகிழ்த்தி அவிழ்த்து, அவர் நின்ற இடத்தில் நின்று அடித்தேன். யாரும் ஓடிவரவில்லை. தாயோடு பஸ்ஸுக்கு நின்ற ஒரு சிறுமி மட்டும், "ஐஸா ஆச்சி?" என்று கேட்டாள்.

"இல்லம்மா" என்றேன். பிறகு உப்பளத்துப் பக்கம் திரும்பி, "டீச்சர் வந்துட்டேன் அண்ணாச்சி" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். அந்தத் தாய் பிள்ளையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

காரில் உட்கார்ந்து கைக்குட்டையைத் திரும்பச் சுற்றினேன். அவருடைய முடிச்சு எனக்கு வரவில்லை.