வெறி முறியட்டும் என்றார்கள்

உயிர்த்த ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் என் கணவர் கோயில் வாசலில் சரிந்து விழுந்தார். "இஞ்சாரப்பா, நிலமெல்லாம் சுத்துது" என்றபடி வயிற்றில் இருந்ததையெல்லாம் சத்தி எடுத்தார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எங்கள் கற்பிட்டிக் கரையில் கடலுக்குப் போகிற ஆண்கள் தவக்காலம் முழுவதும் குடிப்பதை விட்டுவிட்டு, அன்றைக்குத்தான் மறுபடி தொடங்குவார்கள்.

"விட்டதையெல்லாம் விடியமுன்னமே குடிச்சிட்டான்" என்றார் படகு முதலாளி.

என் கணவர் ஒரு சொட்டும் தொடவில்லை என்று கத்திச் சொன்னேன். யார் கேட்டார்கள்? ஆஸ்பத்திரியிலும் ஊழியர் ஒருவர், "குடிச்ச வெறி முறியட்டும் அக்கா" என்று அவரை ஓரத்து மர வாங்கில் கிடத்திவிட்டுப் போனார். என் கணவரின் கண்கள் இரண்டும் தன்பாட்டில் ஒரு பக்கமாக வெட்டி வெட்டி இழுத்தன. அதைக் காட்டியும் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பின்னேரம் வந்த டொக்டர் அந்தக் கண்களைப் பார்த்தார். குனிந்து, சாராய வாடை வருகிறதா என்று வாயை மணந்தார். "இது வெறியில்ல. மூளைக்குப் போற ரத்தம் அடைச்சிருக்கலாம். ஏன் இவ்வளவு நேரம் வைச்சிருந்தீங்க?"

என்னைப் பார்த்துக் கேட்டார்!

இன்று என் கணவர் சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறார். கடல் இல்லை. அவர் தள்ளாடுவதைக் கண்டு தெருவில் யாராவது சிரித்தால் நான் விளக்கம் சொல்வதில்லை. "கிட்ட வந்து மணந்து பாருங்க" என்கிறேன். இதுவரை ஒருவரும் கிட்ட வந்ததில்லை.