தறிச் சத்தம் இல்லாத அறை

மகளின் போனில் தாளம் தட்டும் ஆப் டக், டக் என்று ஓடிக்கொண்டிருந்தது. மூன்று மாதமாக அது இல்லாமல் அவள் புல்லாங்குழலைத் தொட்டதில்லை. லோயர் கிரேடு இசைத் தேர்வு அறைக்கு வெளியே அவள் வர்ணத்தை வாசித்துப் பார்க்க, நான் இதே தேர்வுக்குப் போன நாள் ஞாபகம் வந்தது.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. ஐயம்பேட்டை வீட்டில் அம்மா பட்டுத்தறி நெய்வாள். கஞ்சி போட்ட பாவு நூலின் புளித்த வாசனைக்கு நடுவே, பக்கத்தில் உட்கார்ந்து இதே வர்ணத்தை வாசிப்பேன். குழல் வாசிப்பவர்களுக்குக் கை இரண்டும் குழலில் இருப்பதால் தாளத்தைக் காலால்தான் தட்ட வேண்டும். அம்மாவின் தறி தட்டும்போது என் கால் எதற்கு?

தேர்வு அறையில் மின்விசிறிகூட ஓடவில்லை. மேசைக்குப் பின்னால் மூன்று பேர். வாசிக்கத் தொடங்கினேன். என் கால் தட்டவில்லை, நடுங்கியது. பயத்தில் அந்த நடுக்கத்தையே தாளமாகப் பிடித்துக்கொண்டேன். வர்ணம் அவிழ்த்துவிட்ட கன்று மாதிரி ஓடியது.

"நிறுத்தும்மா. யாரு உன்னைத் துரத்திக்கினு வராங்க?" என்றார் நடுவில் இருந்தவர்.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

வெளியே அம்மா, "நல்லா வாசிச்சியாமா?" என்றாள். தலையாட்டினேன். ரிசல்ட் வரும்வரை அந்தப் பொய்யோடு அவள் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

நான் தோற்றது மகளுக்குத் தெரியும். ஏன் என்று சொன்னதில்லை.

"மா, போன் உள்ள கூடாதாம். நீயே வெச்சுக்கினு இரு." என் கையில் திணித்துவிட்டு ஓடினாள். கதவைச் சாத்திவிட்டார்கள்.

என் கைக்குள் போன் தட்டிக்கொண்டே இருந்தது.